எட்டு நீல வளையங்கள்

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் எஸ்டேட் அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசுலயா?" என்பதுதான். எனக்கு வயது 37. இரண்டாவது கேள்வி, கிளிப் வலிக்குமா என்பது. கிளிப்புக்கு ஒரு வாரம் முன்னதாகக் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் செருகப்படும் சின்ன ரப்பர் வளையங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். 21 ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்தது கிளிப்புக்கு அல்ல, அந்த வளையங்களுக்குத்தான்.

டாக்டர்கள் அதை செப்பரேட்டர் என்கிறார்கள். கிளிப் போட்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஸ்பேசர் என்கிறார்கள். என் அம்மாவுக்கு அது வெறும் 'ரப்பர்'. நான் வளையம் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

நான் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில். பற்கள் முளைத்த நாள்முதலே என் வாயில் இடநெருக்கடி. மேல் கோரைப்பற்கள் இரண்டும் வரிசைக்குள் இடம் கிடைக்காமல் வெளியே ஏறி நின்றன; கீழ் முன்பற்கள் நான்கும் கூட்டமான பேருந்தில் நிற்பவர்களைப்போல ஒன்றுக்குப் பின் ஒன்று தோளைத் திருப்பிக்கொண்டு நின்றன. சிங்கப்பல் அதிர்ஷ்டம், அதைத் தொடக்கூடாது என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதிர்ஷ்டம் வந்ததா என்று தெரியாது. பல் துலக்கும் பிரஷ் எட்டாத அந்த இடுக்குகளில் காரை மட்டும் தவறாமல் வந்து படிந்தது.

16 வயதில், பத்தாம் வகுப்பு விடுமுறையில், அப்பா என்னை ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். "சும்மா ரப்பர்தான், வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வளையங்களைச் செருகினார்கள். எத்தனை என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று இரவு முழுவதும் நான் அழுதேன். பத்து நாள் கழித்துப் போனபோது கண்ணில் பட்டவற்றை எடுத்துவிட்டு, கடைவாய்ப் பற்களுக்கு உலோகப் பட்டைகளை மாட்டி அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லின் ஓரத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. மாத்திரை கொடுத்தார்கள், வற்றியது. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வீங்கியது. மூன்றாம் முறை வீங்கியபோது வேறொரு டாக்டர், கொக்கிபோல் வளைந்த மெல்லிய கருவியை ஈறுக்குள் விட்டுத் துழாவி, நீல நிற வளையம் ஒன்றை வெளியே இழுத்துப் பஞ்சின்மேல் வைத்தார்.

அந்த வளையம் தானாக அங்கே போய் ஒளிந்துகொள்ளவில்லை. பல்லின் தலை அகலமானது, வேர் கீழே போகப்போக ஒடுங்குவது. இறுக்கத்தில் இருக்கும் ரப்பருக்குச் சுருங்குவதற்கு இடம் வேண்டும். அகலத்திலிருந்து ஒடுக்கத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போவதுதான் அதற்கு எளிய வழி. ஈறு மேலே மூடிக்கொண்டுவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே ஈறும் எலும்பும் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்பா பஞ்சின்மேல் கிடந்த வளையத்தை வெகுநேரம் பார்த்தார். "பட்டறையில ஒரு வெள்ளிக் குண்டு தொலைஞ்சாக்கூட ராத்திரி தரையைக் கூட்டிச் சலிச்சு எடுத்துடுவோம். இவங்களுக்கு வாய்க்குள்ள போட்டதை எண்ணத் தெரியலையே" என்றார். வெள்ளித் தூளுக்காகத் தினமும் தரையைக் கூட்டிச் சேர்த்துவைக்கும் தொழிலில் இருந்தவருக்கு அது பொறுக்கமுடியாத குற்றம். பட்டைகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். என் பல் சீரமைப்பு அத்துடன் நின்றது.

பின்னர் திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்தேன். காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சிங்கப்பல்லோடு வாழப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்களின் நெருக்கம் கூடிக்கொண்டே போனது. இது என் வாயில் மட்டும் நடப்பதன்று, பெரும்பாலானோருக்கு நடப்பதுதான் என்று எனக்குச் சிகிச்சை செய்த டாக்டரம்மா பிறகு சொன்னார். காலையில் துப்பும் நுரையில் இரத்தம் கலந்து வரத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் மலையிறங்கி, சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈறு ஆறும்வரை இரண்டு மாதம் காக்கவைத்தார். ஈறு நோயோடு பல்லை நகர்த்தினால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மேலும் கரையும் என்பதால் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கமுடியாது. பிறகு அளவெடுத்து, பற்களின் சாந்து அச்சு ஒன்றை வார்த்து, அதை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்குப் பிடித்த மொழியில் ஒரு டாக்டர் பேசியது அதுவே முதல் முறை. என் கீழ்த்தாடையில் பற்களின் மொத்த அகலத்துக்கும் அவை நிற்க இருக்கும் இடத்துக்கும் 9 மில்லிமீட்டர் பற்றாக்குறை. கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் இருக்கும் கீழ் முன்கடைவாய்ப்பல் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை எடுத்தால் 14 கிடைக்கும். நெருக்கத்தை அவிழ்க்க 9 போக, மீதி 5 முன்பற்களைப் பின்னுக்குத் தள்ளவும் மிச்ச இடைவெளியை மூடவும் செலவாகும். பற்றாக்குறை குறைவாக இருந்திருந்தால், பல்லை எடுக்காமல், பற்களின் பக்கவாட்டை இழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் சேர்த்திருப்பாராம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெருக்கமான பற்களுக்கிடையே வளையத்தைப் போட்டு இடம் உண்டாக்கித்தான் பல்லை நேராக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. முன்பற்களின் நெருக்கத்துக்கு வளையம் எந்த உதவியும் செய்வதில்லை. கிளிப்பின் கம்பிக்கு இரண்டு முனைகளிலும் நங்கூரமாக நிற்பவை கடைவாய்ப் பற்கள். அவற்றில் மெல்லிய எஃகுப் பட்டையை மோதிரம்போல் சுற்றி மாட்டவேண்டுமானால், பக்கத்துப் பல்லோடு அவை ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பட்டை நுழைவதற்கு வழி வேண்டும். பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவு இடத்துக்காகத்தான் ஒரு வாரத்து வலி. பட்டை மாட்டியதும் அந்த இடம் பட்டையாலேயே நிரம்பிவிடும்.

இப்போதெல்லாம் பட்டையே இல்லாமல், கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கத்தில் சிறு குழாய் ஒன்றைப் பசையால் ஒட்டிவிடும் முறை பரவலாக இருக்கிறது. அதற்கு வளையம் தேவையில்லை. எனக்கும் அதையே செய்யக்கூடாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். டாக்டரம்மா மறுத்ததற்கு இரண்டு காரணங்கள் சொன்னார். நான் ஐந்து வயதுவரை வளர்ந்தது தருமபுரிப் பக்கம் அம்மாயி வீட்டில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி; கறை படிந்த பல்லோடு ஒரு தலைமுறையே அங்கே வளர்ந்திருக்கிறது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் உருவாவது அந்தச் சின்ன வயதில்தான் என்பதால் என் பற்களிலும் பழுப்புக் கோடுகள் உண்டு, அப்படிப்பட்ட எனாமலில் பசை அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. மெல்லும் வேகத்தில் ஒட்டிய குழாய் பெயர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் நான் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறவேண்டும். பட்டை அவ்வளவு எளிதில் கழலாது. எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என் பழைய கதையைச் சொன்னபோது அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி, வலது கீழ்க் கடைவாய்ப்பல்லின் பக்கத்தில் எலும்பு சிறு குழியாக இறங்கியிருப்பதைக் காட்டினார். 21 வருடத்துக்கு முன் அந்த வளையம் தின்றுவிட்டுப் போன இடம். பிறகு என் சிகிச்சை அட்டையை எடுத்து, நான் பார்க்கும்படி '8' என்று பெரிதாக எழுதி வட்டமிட்டார். நான்கு கடைவாய்ப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "இந்த எட்டும் என் கைக்குத் திரும்பி வரணும். தினமும் ராத்திரி நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

வளையம் பார்ப்பதற்குச் சிறிய வாஷரைப்போல இருக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதை மாட்டும் குறடு எனக்கு வேடிக்கையாக இருந்தது. பட்டறைக் குறட்டின் கைப்பிடியை அழுத்தினால் மூக்கு மூடும். இதன் கைப்பிடியை அழுத்தினால் மூக்கு விரிகிறது. அதன் இரு நுனிகளிலும் வளையத்தை மாட்டி அழுத்தியதும் வளையம் இழுபட்டு இரட்டை நூலாக மெலிந்தது. அந்த மெலிந்த நிலையில், பற்கள் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அதை முன்னும் பின்னும் அறுப்பதுபோல் அசைத்து இறக்கினார். 'டக்' என்று ஒரு ஓசை காதுக்குள்ளேயே கேட்டது. வளையத்தின் கீழ்ப்பாதி தொடும் இடத்துக்கு அடியிலும் மேல்பாதி அதற்கு மேலேயுமாக நின்றதும், குறட்டை விலக்கிக்கொண்டார். இனி வேலை செய்யவேண்டியது ரப்பர். தன் பழைய கனத்துக்குத் திரும்பிவிட அது விடாமல் முயலும், அந்த முயற்சியில் இரண்டு பற்களையும் விலக்கும்.

முதல் ஐந்தும் எளிதாக இறங்கின. ஆறாவது, மேல் இடது பக்கத்தில், இறங்க மறுத்தது. ஒரு வளையம் அறுந்தது, இரண்டாவதும் அறுந்தது. உதவிக்கு நின்ற பெண், "இன்னும் கொஞ்சம் திறங்கக்கா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே உறிஞ்சுகுழாயை என் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா குறட்டை வைத்துவிட்டு, பல் இடுக்கில் விட்டு எடுக்கும் மெழுகு நூலில் இரண்டு துண்டு வெட்டி, வளையத்துக்குள் இரண்டையும் கோத்து, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துப் பிடித்து, கைவேலையாகவே அதை உள்ளே இறக்கினார். ரப்பர் வளையம் வருவதற்கு முன்பு இதே வேலையைப் பித்தளைக் கம்பியால் செய்வார்களாம்: மென்மையான கம்பியைத் தொடும் இடத்துக்கு அடியில் நுழைத்து, மேலே கொண்டுவந்து, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, முறுக்கிய நுனியை ஈறில் குத்தாதபடி மடித்து விடுவது. கண் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் அப்பாவே செய்திருப்பார் என்று நினைத்தேன். எல்லாம் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அறுந்த இரண்டின் துண்டுகளையும் அவர் தட்டில் சேர்த்து வைத்து, ஒரு துணுக்கும் வாயில் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே என்னை எழுந்திருக்க விட்டார்.

முதல் இரண்டு மணிநேரம் வலி என்று சொல்ல எதுவும் இல்லை. எட்டு இடத்திலும் கறியின் நார் சிக்கிக்கொண்டதுபோன்ற உணர்வு மட்டும். நாக்கு அதைத் தேடிக்கொண்டே போகிறது. குச்சியால் குத்தி எடுத்துவிடவேண்டும் என்று கை பரபரக்கிறது. அன்று மலையேற வேண்டாம் என்று செவ்வாய்ப்பேட்டை வீட்டிலேயே தங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அது வலியாக மாறத் தொடங்கியது. சொத்தைப்பல் வலியைப்போல் ஓர் இடத்தில் குத்தும் வலி அல்ல இது. தாடை முழுவதையும் யாரோ இரண்டு கைகளால் பிடித்து மெதுவாக அழுத்துவதுபோல, துடிப்பு இல்லாத, விடாத வலி. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் லேசாகத் தொட்டால்கூடக் கண்ணில் நீர் வந்தது. ஒரு முழுநாள் கழிந்த நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது; மூன்றாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. பெரும்பாலானோருக்கு இந்த ஒழுங்கில்தான் வலி ஏறி இறங்குகிறதாம். 'கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்' என்று சொல்லி அனுப்புவதைவிட, நாளைக்கு இந்நேரம்தான் மோசமாக இருக்கும் என்று நேரம் குறித்துச் சொல்லி அனுப்பினால் தாங்கிக்கொள்வது எளிது. டாக்டரம்மா அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அவர் விளக்கிய இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறங்கியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் கயிறு இறங்கிக் கொடுப்பதைப்போல, நாம் கடிக்கும்போதெல்லாம் இந்த நார்கள் இறங்கிக் கொடுக்கின்றன. ஆனால் கட்டிலில் ஏறியவர் எழுந்துவிடுவார். வளையம் எழுவதே இல்லை. அமுக்கப்பட்ட பக்கத்து நார்களில் இரத்த ஓட்டம் குறைகிறது, உடல் அதைக் காயமாக எடுத்துக்கொண்டு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியைக் கூட்டுவது அதுதான். எலும்பைக் கரைக்கும் செல்களை அந்த இடத்துக்கு அழைப்பதும் அதுவே. அமுங்கிய பக்கத்தில் எலும்பு கரைந்து, இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு சேரும் இந்த வேலையைத்தான் இனி வரும் இரண்டு வருடமும் கிளிப் செய்யப்போகிறது. வளையம் அதன் முதல் வாரம்.

மாத்திரை விஷயத்திலும் இதனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் வீட்டில் எப்போதும் வைத்திருக்கும் ஐபுபுரோஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்றார் டாக்டரம்மா. ஐபுபுரோஃபன் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைப்பது. வலியோடு சேர்ந்து பல்லின் நகர்வும் மந்தப்படக்கூடும் என்று பல சீரமைப்பு மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு இரவும் அவர் எழுதிக்கொடுத்த அளவில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். மூன்றாம் இரவு தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்படவே இல்லை. "களியை எவ மென்னு தின்னா?" என்று கேட்டுவிட்டு, கேழ்வரகுக் களி கிண்டி, அரைக்கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கச் சொன்னார். களியை மெல்லாமல் விழுங்குவதுதான் முறை என்று அம்மாயி சின்ன வயதில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததன் பயன் 37 வயதில் கிடைத்தது. ஜவ்வரிசிக் கஞ்சி, குழைந்த சோற்றில் ரசம், ஆறிய பருப்புச் சாதம் என்று மூன்று நாள் ஓடியது. சேலத்துக்காரருக்கு இதில் கொடுமை என்னவென்றால், சாயங்காலம் ஆனால் தெருமுனை வண்டியில் தட்டுவடை செட் அடுக்கும் வாசனை வீட்டுக்குள் வரும். இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் கேரட்டும் பீட்ரூட்டும் வைத்த அதைக் கடிப்பதற்குக் கடைவாய்ப்பல் வேண்டும். கடலை மிட்டாய், பொரி உருண்டை, சூயிங் கம் போல் ஒட்டி இழுக்கும் எதையும் தொடக்கூடாது. ஒட்டிக்கொண்டு வளையத்தையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த எட்டு இடுக்குகளில் நூல் விட்டுச் சுத்தம் செய்யவும் கூடாது. பிரஷ் போடலாம், பின்னாலிருந்து முன்னால் இழுக்காமல், மெதுவாக.

மூன்றாம் நாள் மலையேறினேன். ஜனவரி மாதம், காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் அதற்குமேல் விடுப்பு கிடையாது. வளைவு ஒவ்வொன்றிலும் பேருந்து திரும்பும்போது பற்கள் ஒன்றையொன்று இடிக்காதிருக்க நாக்கை நடுவில் கொடுத்து வைத்துக்கொண்டேன். ஏற்காட்டுக் குளிரில் தண்ணீரைக் கொப்பளிக்கவே முடியவில்லை. உப்புப் போட்ட வெந்நீர்தான் வாய்க்கு இதமாக இருந்தது.

இரவு எண்ணுவதற்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். கைபேசி விளக்கை மகள் பிடித்துக்கொள்வாள்; ஒரு கையில் சின்னக் கண்ணாடி, மறுகையின் சுட்டுவிரலால் கன்னத்தை இழுத்துக்கொண்டு, மேல் வலதிலிருந்து தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் போய்க் கீழ் வலதில் முடிப்பது. ஒவ்வொன்றாகப் பார்த்து, பழ எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடுவேன். எட்டுக் கோடு. மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே அவள் எண்ணிவிடுவாள்.

நான்காம் இரவு ஏழு கோடுதான் விழுந்தது.

கீழ் இடது, பின்பக்கத்து வளையத்தைக் காணவில்லை. திரும்ப எண்ணினோம், ஏழு. அந்த இடத்தில் ஈறு சற்றுச் சிவந்திருந்தது. விரலால் தொட்டபோது லேசாக வலித்தது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. தலையணையை உதறினேன், கழுவுதொட்டியைத் துழாவினேன், அன்று போட்டிருந்த சேலையை விளக்கு வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தேன். உண்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அன்று மாலை அலுவலகத்தில் ஒருவர் சேலத்திலிருந்து தட்டுவடை செட் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். சட்னியில் ஊறி நமத்துப்போய்த்தானே இருக்கிறது என்று ஒன்றை எடுத்து இடப்பக்கத்தில் ஒதுக்கித் தின்றிருந்தேன். வளையம் தட்டுவடையோடு வயிற்றுக்குள் போயிருந்தால் பெரிய கேடு இல்லை, அது தன்வழியே வெளியேறிவிடும். ஈறுக்குள் போயிருந்தால்? அன்றிரவு நான் தூங்காததற்குக் காரணம் பல்வலி அல்ல.

காலையில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். தொலைபேசியிலேயே ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "இறங்கி வந்துடுங்க, பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். ஒரு நாள் சம்பளம் போனது. அஸ்தம்பட்டியில் போய் உட்கார்ந்ததும் முதலில் கொக்கிக் கருவியை அந்த இடத்து ஈறின் ஓரம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்த்தார், எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுத்தார். அவர் வாங்கும் வளையங்களில் எக்ஸ்ரேயில் தெரியும் பொருளைக் கலந்திருப்பதால், அதே படத்தில் முன்பக்கத்து வளையம் பளிச்சென்று தெரிந்தது. பின்பக்கத்தில் ஈறுக்கடியிலோ வேரின் ஓரத்திலோ எதுவும் இல்லை. 21 வருடத்துக்கு முன் யாராவது இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஈறு சிவந்திருந்ததற்குத் தட்டுவடைத் துணுக்கு காரணமாக இருந்தது. அதை அவர் எடுத்துக் காட்டியபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வளையம் விழுவதற்குள் தன் வேலையை முக்கால் பங்கு முடித்திருந்தது, நூல் தடையில்லாமல் இறங்கியது. ஆனால் பட்டை மாட்ட இன்னும் மூன்று நாள் இருந்தது, அதற்குள் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே புதிதாக ஒன்றைப் போட்டார். நீலம் தீர்ந்திருந்ததால் பச்சை. விலகிய பல் என்பதால் ஒரே அழுத்தில் இறங்கியது. அட்டையில் பழைய 8க்குக் கீழே 'விழுந்தது 1, புதியது 1' என்று எழுதி, மறுபடி 8 என்று வட்டமிட்டார். தட்டுவடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது.

எட்டாம் நாள் எடுத்தார்கள். கொக்கியை வளையத்துக்குள் விட்டு ஒரு சுண்டு, அவ்வளவுதான். எடுத்த கணத்தில் வரும் நிம்மதியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு வாரமாகத் தலையில் இருந்த சுமையை இறக்கியதும் கழுத்து தானாக மேலெழுவதுபோல இருந்தது. பற்கள் லேசாக ஆடுவதுபோலவும் இருந்தது, அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். உதவிக்கு நின்ற பெண் தட்டை என் முன்னால் நீட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக் காட்டினாள். "ஏழு நீலம், ஒரு பச்சை. சரியாக்கா?" நான் தலையாட்டியதும் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பட்டைகளைத் தேர்ந்தெடுப்பது செருப்புக்கடையில் அளவு பார்ப்பதைப்போல நடந்தது. பல்லின் அளவுக்கு எண் போட்ட பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, சரியானது கிடைத்ததும் சிமெண்ட் தடவி மாட்டி, ஒரு குச்சியைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லி, என் கடியாலேயே அதைக் கீழிறக்கினார்கள். சிமெண்ட் புளிப்பாக இருந்தது. வாரம் முழுவதும் உறங்கவிடாத அந்த இடுக்குகளில் பட்டை வழுக்கிக்கொண்டு இறங்கியபோது எந்த வலியும் இல்லை. கன்னத்தில் உரசினால் ஓரத்தில் வைக்க ஒரு மெழுகுக் கட்டியும், முன்கடைவாய்ப் பற்களை எடுப்பதற்கு அடுத்த வியாழக்கிழமை தேதியும் கொடுத்தார்கள்.

மலையேறுவதற்கு முன் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பட்டறையை மூடிப் பல வருடமாகிறது. வாயைத் திறந்து காட்டினேன், அவர் பார்க்க முயலவில்லை. "எல்லாம் கணக்கா வெளிய வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுப்பா. எட்டும் எண்ணி வாங்கிட்டாங்க."

நடுவில் ஒன்று விழுந்ததையும் அதற்குப் பதிலாகப் பச்சை போட்டதையும் அம்மா அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்போலும். அப்பா விரல்களை மடக்கிக் கொஞ்சநேரம் யோசித்தார்.

"அப்ப ஒம்போதுல்ல வந்திருக்கணும்?" என்றார்.